செம்மஞ்சள் காரும் என் வயிற்றெரிச்சலும்

எனக்குப் பொறாமை ஒரு காரால் வந்தது. அதுவும் நான் ஒருநாளும் நேரில் காணாத கார்.

தொண்ணூற்றிரண்டில், ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நானும் என் சிநேகிதனும் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு வெயார்ஹவுசில் பெட்டி அடுக்கினோம். நான் யாழ்ப்பாணத்தில் மெக்கானிக் டிப்ளோமா எடுத்தவன், ஏழு வருடம் டிராக்டர் எஞ்சின் கழற்றிப் பூட்டியவன். அவன் கொழும்பில் கிளார்க். ஸ்பானரை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாது. ஆனால் பந்தயக் கார் என்றால் பைத்தியம்.

தேநீர் இடைவேளையில் ஒரே கதைதான். பிரான்சில் இருபத்துநான்கு மணி நேரம் ஓடும் பந்தயத்தில் முந்தின வருடம் ஒரு ஜப்பான் கார் வென்றுவிட்டது. ஜப்பான் காருக்கு அதுதான் முதல் வெற்றி. செம்மஞ்சளும் பச்சையும் நிறம். பிஸ்டனே கிடையாது, முக்கோண ரோட்டர்கள் சுழலும் எஞ்சின். வருடக்கணக்காகப் போய்த் தோற்றுத் திரும்பிய கம்பெனியாம். வென்று இறங்கிய ஓட்டுநர் களைத்து விழுந்து, பரிசு மேடைக்கே வரவில்லையாம்.

“முன்னுக்கு ஓடின ஜேர்மன் கார் பழுதாப் போனபடியால்தானே வெண்டது?” என்று ஒருநாள் குத்தினேன்.

“மச்சான், பழுதாகாமல் ஓடுறதுக்குத்தானே அந்தப் பந்தயமே வைக்கிறாங்கள்” என்று சிரித்தான்.

அந்த மாதிரி ரோட்டர் எஞ்சின்களைத் திருத்தும் கராஜ் ஒன்று அதே நகரத்தில், ஒனிஹங்காவில், ஆள் தேடியது. விளம்பரத்தைக் கண்டது நான். பெட்டி அடுக்கும் வாழ்க்கையிலிருந்து தப்ப எனக்கு அது ஒன்றுதான் வழியாகத் தெரிந்தது. என் இங்கிலீஷ் அப்போது நொண்டும். எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கும் விசா அலுவலகத்துக்கும் துணைக்கு இங்கிலீஷ் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். வேலை கேட்கவும் அப்படியே போனேன். “நீ கதை, நான் பக்கத்தில நிக்கிறன்” என்று அவனைக் கையோடு இழுத்துப் போனவன் நானேதான்.

என் டிப்ளோமாவைப் பற்றி இரண்டு வசனம் ஒழுங்காகத்தான் சொன்னான். பிறகு அவன் கண் சுவருக்குப் போனது. அங்கே அந்தச் செம்மஞ்சள் காரின் படம். முதலாளி வெள்ளைக்காரர் அதைக் கவனித்துவிட்டார். அவ்வளவுதான். கார் வென்ற அடுத்த வருடமே அந்த எஞ்சினுக்குப் பந்தயத்தில் இடமில்லாமல் போன அநியாயத்தை இருவரும் இழவு வீட்டில் இருப்பவர்கள் மாதிரி மாறி மாறிச் சொல்லி ஆற்றிக்கொண்டார்கள். நான் சான்றிதழ் உறையைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றேன்.

இரண்டு நாள் கழித்து முதலாளி போன் எடுத்தது அவனுக்கு. தொழிலைத் தானே பழக்குகிறாராம்.

“நீ வேண்டாமெண்டா நான் போகேல்லை” என்றான்.

“விசரே உனக்கு? போ, போ. சந்தோசம்” என்றேன். வயிறு பற்றி எரிந்தது. அதன் பிறகு அவனுடைய கைகளில் கிரீஸ் கறையைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. அது என்னுடைய கறை. கோயிலில் கண்டால் செருப்புத் தேடுவது போலக் குனிந்துவிடுவேன். அவன் கெட்டுப்போக வேண்டும் என்று நேர்ந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆனால் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பேப்பரில் சுற்றிய பாரத்துடன் எங்கள் வீட்டுக்கு வந்தான். குசினி மேசையில் வைத்துப் பிரித்தான். உள்ளே ஒரு ரோட்டர்.

“மூலையில போடுற இந்த மெல்லிய சீல் சரியா இருக்குதில்லை. மூண்டு தரம் பூட்டிட்டன், அமுக்கம் நிக்குதில்லை. திங்கக்கிழமை முதலாளி பார்க்கப்போறார். நீ படிச்சவன், ஒருக்காச் சொல்லித் தா.”

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு அதைத் தூக்கினேன். திருப்பினேன். மறுபடியும் திருப்பினேன். என் டிப்ளோமாவிலும் ஏழு வருட டிராக்டரிலும் இப்படி ஒரு சாமானை நான் தொட்டதே இல்லை. அந்தச் சீலுக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

“இதுகூடத் தெரியாமலோ அந்த வேலையில இருக்கிறாய்?” என்று கேட்டேன்.

அவன் கோபிக்கவில்லை. “ஓம் மச்சான், தெரியாதுதான். அப்ப முதலாளியிட்டையே கேப்பம்” என்று ரோட்டரைத் திரும்பப் பேப்பரில் சுற்றினான். என் மனைவி ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனான்.

அவனுடைய கார் ரோட்டால் திரும்பியதும் அவள் கேட்டாள்.

“உங்களுக்குத் தெரியுமோ அது?”

“ஓம்” என்றேன்.

“அப்ப ஏன் சொல்லிக் குடுக்கேல்லை?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அவனுடைய கோப்பையைக் கழுவப் போனாள்.