ஜீப் என்ற சக்களத்தி

என் கணவருக்கு வார நாள்களில் சிங்கப்பூரில் வேலை. சனிக்கிழமை மலேசியாவில், லாபிஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு சிரிப்பு கிடைக்கும். மிச்ச நேரமெல்லாம் என் வயதுள்ள அந்தப் பழைய ஜீப்புக்குத்தான். எனக்குத் தலைவலி என்றால் அவருக்குத் தெரியாது. அதன் எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினால் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து ஓடுவார். எனக்கு வயிறு எரியும்.

போன மாதம் பெக்கோக் அருவிக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். நானும் தேங்காய்ப்பால் சோறு, சம்பல் வைத்து நாசி லெமாக் பொட்டலம் கட்டி வைத்துக் காத்திருந்தேன். அவரோ வாசலில் ஒரு சக்கரத்தைக் கழற்றி, ஜீப்பை ஜாக்கியில் நிறுத்தி, அட்டையைப் போட்டு அடியில் படுத்திருந்தார். எத்தனை முறை கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்.

"இரு லா, இன்னும் ஒரு நட்டுதான்!"

ஆத்திரத்தில் அவர் கால்கள் இரண்டையும் பிடித்து அட்டையோடு வெளியே இழுத்தேன்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்திக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார்.

அந்த நொடியில், மழையில் ஊறியிருந்த மண்ணில் ஜாக்கி சரிந்தது. அவர் படுத்திருந்த இடத்தில் ஜீப் தொப்பென்று விழுந்தது.

"மாதாவே!" என்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அலமாக்! பிரேக் டிஸ்க் வளைஞ்சிருக்குமா?"

இப்போதெல்லாம் சிமெண்டுத் தரையில், இரும்பு ஸ்டாண்டு முட்டுக் கொடுத்த பிறகே அவரை அடியில் போக விடுகிறேன். அதற்கு முன் ஜீப் அசைகிறதா என்று நானே ஓங்கி இரண்டு உதை விட்டுப் பார்ப்பேன்.

"ஒண்ணு போதாதா?" என்று கேட்கிறார்.

முதல் உதை மட்டும்தான் பாதுகாப்புக்கு.

- ஸ்டெல்லா, லாபிஸ்