உப்பில் போட்ட தேரைகள்

ஒரு தேரை இனத்தையே ஊறுகாய் போட்டவன் நான். அதையும் சரியாகப் போடவில்லை.

அப்போது அரூரில் பள்ளி வாத்தியார். நாலு லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டு, என்னை ஒரு விஞ்ஞானி என்று நம்பிக்கொண்டிருந்தேன். சித்தேரி மலையில் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் இருந்தார். அவருடைய சாமைக் காட்டுக்கு மேலே, பாறையில் ஓர் ஊற்று. ஒரு மாட்டுவண்டி நிற்கிற அளவு ஈரம், அவ்வளவுதான். முதல் மழைக்கு அங்கே சிவந்த வயிற்றுச் சின்னத் தேரைகள் கூடிக் கத்தும். அது கேட்டால்தான் அவர் விதைப்பார்.

"இந்த ஊத்தைத் தவிர வேற எங்கயும் இது இல்லீங்க, வாத்தியாரே."

நான் சிரித்தேன். புத்தகம் படித்தவனின் சிரிப்பு.

பத்துப் பதினைந்தைப் பிடித்தேன். அழுகாமலிருக்கச் சாராயத்தில் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். அரூர் அப்போது சேர்ந்திருந்த சேலம் ஜில்லாவிலோ மதுவிலக்கு. தேரைக்குத்தான் என்றால் எந்த அதிகாரி நம்புவார்? உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ரயில் பார்சலில் சென்னை நிபுணர் ஒருவருக்கு அனுப்பினேன். நாற்றம் மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அவர் பெரிய மனதோடு ஒரு பாட்டில் ஃபார்மலின் அனுப்பி, இன்னும் கொஞ்சம் தேரை கேட்டார்.

கொஞ்சம் என்பதை நான் தாராளமாக எடுத்துக்கொண்டேன். மறுவருஷம் முதல் மழையன்று, கத்தியதையும் கத்தாததையும், ஜோடி ஜோடியாக, ஒன்று விடாமல் பிடித்தேன். கடைசித் தேரை என் உள்ளங்கைக்குள்ளிருந்தும் கத்தியது. பாட்டிலை மூடும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறக்க முடியவில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. புதிய இனம்தான், அதற்குப் பெயர் வைத்து விவரமும் எழுதியாகிவிட்டது. சுற்றுமலைகளில் ஆள் விட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. ஊற்றில் எத்தனை மிச்சம் என்று பார்த்து எழுதவும்.

மழை தொடங்கியதும் ஓடினேன். மூன்று நாள் அந்த ஊற்றின் அருகே குடை பிடித்து உட்கார்ந்திருந்தேன். கல் கல்லாகப் புரட்டினேன். பாறையில் நீர் சொட்டும் சத்தம் தவிர ஒன்றுமில்லை. ஒன்றாவது கத்தாதா என்று, கடவுள் நம்பிக்கை அதிகமில்லாத நான், வேண்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் விவசாயி மேலே வந்தார். நடந்ததை எல்லாம் சொல்லி, "என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"போன வருசமே கத்தலீங்க. இப்பல்லாம் பக்கத்துக் காட்டுக்காரன் ஏர் கட்டினா நானும் கட்டிடறேன். நீங்க வந்து சொல்லலீன்னா எனக்கு அந்த நெனப்பே வந்திருக்காதுங்க."