பிரேக்கில் இருந்த என் கால்

ஆம்பூரில் தோல் ஏற்றும் என் லாரிக்கு எஞ்சின் மாற்றித் தந்த மெக்கானிக்கை நான் பாய் என்றுதான் அழைப்பேன். ஒல்லியான உடம்பு, நரைத்த தாடி. வண்டிக்கு அடியில் வெள்ளைத் தோல் துண்டு ஒன்றை விரித்துப் பார்க்காமல் எந்த ஒழுகலைப் பற்றியும் பேசமாட்டார்.

எஞ்சின் மாற்றிய மறுநாள் அந்தத் துண்டில் சிவப்பாகச் சொட்டியது.

“எஞ்சின் ஆயில்னா கறுப்பா இருக்கும். இது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் சார். கியர்ல போட்டாத்தான் ஜாஸ்தி ஒழுவுது. நீங்க கியர் போட்டு பிரேக்க மிதிச்சிக்கினு இருங்க, நான் கீழ பாக்கறேன். கால எடுத்தீங்கன்னா எங்க வூட்டுக்கு நீங்கதான் போய் சொல்லணும்.”

சிரித்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு அடியில் அவர் நுழைந்தார். என் போன் அடித்தது. சரக்கு இன்னும் வரவில்லை என்று தொழிற்சாலைக்காரர் கத்தினார். பதிலுக்கு நானும் கத்தியபோது கால் தளர்ந்துவிட்டது. டயருக்கு முன்னால் இருந்த கல்லைத் தள்ளிக்கொண்டு லாரி நகர்ந்தது.

“சார்” என்று கீழிருந்து ஒரு குரல். மிதித்தேன்.

வெளியே வந்தவரின் சட்டைக்கை டயரில் சிக்கிக் கிழிந்திருந்தது.

“பிரேக் சரியாப் பிடிக்கல பாய்” என்றேன். படித்தவன் வாயில் அந்தப் பொய் உடனே வந்தது.

அவர் என்னையே பார்த்தார். “பிரேக் நல்லாத்தான் கீது சார். அந்த போன இப்டி குடுங்க.”

அதைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் அடியில் போய்ப் படுத்தார். பொய்யன் என்று தெரிந்தும் என் காலை எப்படி நம்பினாரோ, இந்த வயதிலும் எனக்கு விளங்கவில்லை.

“பைப் ஜாயின்ட்தான் சார், கெடச்சிடுச்சி” என்று அவர் சொன்னபோது, நான் இரண்டு கால்களாலும் மிதித்துக்கொண்டிருந்தேன்.