அல்பா கணினியில் விழுந்த கம்பைலர்

போர்க்காலம். கண்டியில் எங்கள் கல்லூரிக்கு வந்த அல்பா என்ற புதுவகைக் கணினி அப்போது அபூர்வம். அதில் பங்ஷனல் வகை நிரல்மொழி ஒன்றின் கம்பைலரை, அதாவது நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருளை, ஓட்ட மூன்று மாதம் போராடினேன். ஒவ்வொரு முறையும் பாதியில் நின்று, எங்கள் பேச்சில் சொன்னால், விழுந்தது. கூட வேலை செய்த சிங்களவன் சுனில்தான் கோப்புகளைக் குழப்புகிறான் என்று முடிவுகட்டினேன்.

ஒருநாள் காலை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் இராணுவத்தினர் பஸ்ஸை மறித்தார்கள். கம்பைலர் விழுந்தபோது எடுத்த, எண்கள் நிறைந்த அச்சுத்தாள்களை என் பையிலிருந்து சிப்பாய் உருவினான். இரகசியக் குறியீடா என்று அதட்டினான். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி; சந்தேகப்பட அதுவே போதும்.

அதே பஸ்ஸில் வந்த சுனில் முன்னே வந்து, "அது என்னுடைய வேலை" என்று சிங்களத்தில் சொன்னான். சிப்பாய் விட்டுவிட்டான்.

பஸ் நகர்ந்ததும் சுனில் தாள்களைப் புரட்டினான். "மச்சான், இது அறுபத்திநாலு பிட் மெசின்தானே? நீ முப்பத்திரண்டு பிட் எண்டு நினைச்சு மெமரி அட்ரஸ பாதியா வெட்டிப்போட்டாய். அதுதான் விழுது."

பிழை என்னுடையது. பையை மடியில் இறுக்கிப் பிடித்தேன். அவன்மேல் கல்லூரிக்கு நான் எழுதிய முறைப்பாட்டுக் கடிதம் அதற்குள்தான் இருந்தது. அன்று சிப்பாயைவிட, என்னைக் கண்டுதான் எனக்கு அதிகம் பயம் வந்தது.