அகஸ்ரின் வாங்கிய ரயில்

கனடாவில், ஸ்காபரோ அகஸ்ரின் இங்கிலாந்திலிருந்து ஒரு ரயில் வாங்கி இறக்கிவிட்டாராம். கப்பலில் வந்த சாமான் எடுக்கும் ரெக்ஸ்டேல் பண்டகசாலையிலிருந்து ஒரேயொரு இருக்கையாகப் புறப்பட்ட இந்தக் கதை, ரூஜ் ஆற்றைத் தாண்டும்போது ஒரு பெட்டியாகி, மார்க்கம் போய்ச் சேர்ந்தபோது எஞ்சினும் பூட்டியிருந்தது. மார்க்கத்தில்தான் அவருடைய மகள் ஜூலிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீடு. மகளின் கலியாணக் காசை ரயிலில் போட்ட மனிதரோடு சம்பந்தம் வைப்பதா? மாப்பிள்ளையின் தாய்மாமன் அருள்நாயகம், 1994 தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் விசாரிக்கப் புறப்பட்டார்.

அகஸ்ரின் அப்போது கூடத்தில் இருந்து பழைய பத்திரிகைகளை மடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் யாரோ விட்டுப்போன பத்திரிகையை மடிக்காமல் அவரால் இறங்க முடியாது. உட்காருமுன் இருக்கையை இரண்டு தட்டுத் தட்டுவார். பக்கத்திலிருப்பவர் எழும்பினால் அதையும் தட்டுவார். சூட்கேஸ் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவருக்கு இது எங்கிருந்து தொற்றியது என்று எவரும் கேட்டதில்லை. கேட்டால் நாற்பது நிமிடம் போய்விடும் என்ற பயந்தான்.

“அண்ணை, ரயிலை எங்க விட்டிருக்கிறியள்?” என்று வாசலிலேயே கேட்டார் அருள்நாயகம்.

“பேஸ்மென்ற்றிலை. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ.”

கீழே, உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில், நீலத்துணி போர்த்திய இருவர் இருக்கை ஒன்று. அருள்நாயகம் அதன் பின்பக்கத்தையும் எட்டிப் பார்த்தார்.

“மிச்சம்?”

“மிச்சத்தை இரும்புக்கு வெட்டிப்போட்டாங்கள்.”

பிறகு வரலாறு தொடங்கியது. 1960இல் டேர்பியில் கட்டிய டீசல் ரயில். லண்டன் மேரில்போன் நிலையத்திலிருந்து கந்தோர் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கி, முப்பது வருடத்துக்கு மேல் ஓடி, 1992இல் ஓய்வு பெற்றது. இவ்வளவும் வெள்ளைக்காரரின் புத்தகங்களில் இருக்கிறது. அகஸ்ரினின் தடித்த மட்டை போட்ட இரண்டு சீ.ஆர். கொப்பிகளில் இருப்பது வேறு. எண்பத்தாறிலிருந்து மூன்று வருடம் அந்தப் பெட்டிகளைக் கூட்டித் துடைத்தவர் அவர். எந்தக் கதவு மழைக்கு இறுகும், எந்த இருக்கைக்குக் கீழே சூடு ஒழுங்காக வரும் என்பதெல்லாம் அவர் எழுதினால்தான் உண்டு.

“வெம்பிளியிலை எட்டுப்பேருக்கு ரெண்டு மெத்தை. எனக்கு வேலை விடிய ஆறு மணிக்கு முடியும்; மெத்தை ஒம்பதுக்குத்தான் கிடைக்கும். அதுவரைக்கும் உந்த ரயிலிலை ஏறிப் போய்ப் போய் வருவன். நான் துடைச்ச சீற்றிலை நானே இருக்கேக்கை, மகாராசா மாதிரி.”

அருள்நாயகம் காரியத்துக்கு வந்தார். “ஒரு சீற்றுக்குச் சரித்திரம் எழுதிறாரெண்டு நான் போய்ச் சொன்னால், ரயில் வாங்கினதைவிட மோசமெல்லோ? நாளைக்கு எங்கடை ஆக்கள் பொம்பிளை பாக்க வரமுதல் உதைக் குப்பையிலை போடுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

படியில் நின்ற ஜூலிக்குக் கோபம் வந்தது. “அங்கிள், தட் சீற் ஸ்டேஸ். அப்பான்ரை சீற் வேண்டாமெண்டால் ஐ டோன்ற் வோன்ற் தெம்!”

“பிள்ளை, நீ சும்மா இரு,” என்றார் அகஸ்ரின். கொப்பிகளை எடுத்து அருள்நாயகத்தின் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து இருக்கையின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மகளின் வாழ்க்கை பெரிது.

கையில் கொப்பி இருந்தால் பிரிக்காமல் விடுகிற ஆளல்ல அருள்நாயகம். ‘1987 தை 12. வெளியே சரியான பனி. மூன்றாம் பெட்டி ஹீற்றர் வேலை செய்தது. நன்றி.’ அடுத்த நாள்: ‘வேலை செய்தது. நன்றி.’ தாளைப் புரட்டினார். பனிக்காலம் முழுக்க அதே வரி. மொன்றியலில் தன் முதற் பனிக்காலத்தைச் சலவைக்கடை ட்ரையருக்கு முதுகைக் கொடுத்துக் கழித்தவர் அருள்நாயகம். அந்த ட்ரையருக்கு இன்றுவரை ஒரு நன்றி சொன்னதில்லை.

“வையுங்கோ அண்ணை, பாரம் தூக்கி நாரி பிடிக்கப்போகுது,” என்று சொல்லி இருக்கையில் உட்கார்ந்தார். ஸ்பிரிங் ஒருமுறை முனகியது. “நாளைக்கு மூண்டு மணி. மாப்பிள்ளையை உதிலைதான் இருத்துவன்.”

வெளியே கார்க் கண்ணாடியில் ஐஸ் படிந்திருந்தது. அருள்நாயகம் வெறுங்கையால் சுரண்டத் தொடங்கினார். வழியனுப்ப வந்த அகஸ்ரின் உள்ளே ஓடிப்போய் ஒரு சோடி மண்ணிறத் தோல் கையுறைகளுடன் வந்தார்.

“உந்த ரயில் டிரைவர், நான் கனடாவுக்கு வெளிக்கிடேக்கை தந்தது. குளிர் விட்ட பிறகு திருப்பி அனுப்பு எண்டவர்.”

“ஐஞ்சு வருசமாச்சு. இன்னும் அனுப்பேல்லையோ?”

“எங்க இஞ்ச குளிர் விட்டது?”

சொல்லிவிட்டு ஒரு கையுறையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். அருள்நாயகம் விறைத்த கையை அதற்குள் நுழைத்தார்.