இஸ்பஹான் தட்டு

ஆறு வருஷத்துத் தட்டை அறுநூறு வருஷத்துத் தட்டு என்று நம்பிச் சுமந்து திரிந்த ஆள் நான். இதில் பாரசீக எண்களைப் படிக்க வேறு தெரியும். தெரியாமலிருந்தால் வாயாவது மூடியிருக்கும்.

ஈரானில், அபாதானில் பார்த்த எண்ணெய்க் கம்பெனி குமாஸ்தா வேலை போய், உறையூரில் ஒரு வாடகை அறையில் கிடந்தேன். மனைவி ஸ்ரீரங்கத்தில், அப்பா வீட்டில். வேலை கிடைத்தால்தான் பெண்ணை அனுப்புவேன் என்று மாமனார் சொல்லிவிட்டார். அவருடைய சிநேகிதர் ஒரு கல்லூரிப் பிரின்சிபால். கல்லூரியில் புதிதாக வைக்கப்போகும் மியூசியத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவர் மாமனார் வீட்டுக்கு வரும் நாள் பார்த்து, இஸ்பஹானில் வாங்கிய தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வாங்கிய கடையிலேயே ஒருவன் உடைந்த பழைய தட்டை எதிரே வைத்துக்கொண்டு, என் தட்டிலும் இருக்கிற அதே குதிரைக்காரனை, அதே மானை, அதே கொடியைப் புதுத் தட்டில் வரைந்துகொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே நின்றேன். பாவம், கைபழகுகிறான் என்று நினைத்தேன்.

பீங்கான் ஆசாரத்துக்கு ஆகாது என்று மாமியார் கூடத்துக்குள் விடவில்லை. ரேழியில் முக்காலிமேல் வைத்தேன். நீலம் பளபளத்தது. பிரின்சிபால் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எந்தக் காலத்துது?"

தட்டைத் திருப்பி, அடியில் எழுதியிருந்ததை வாசித்தேன். "ஆயிரத்து முந்நூத்தி அறுபத்தெட்டு, சார். அறுநூறு வருஷம் ஆகப்போறது."

மனைவியின் தம்பி சட்டம் படிப்பவன். சுவரிலிருந்த தினசரி காலண்டர் தாளைக் கிழித்து வந்து தட்டின் பக்கத்தில் வைத்தான். ஓரத்தில், முஸ்லிம்களின் வருஷக் கணக்கில், ஹிஜ்ரி 1374 என்று இருந்தது.

"அவா போடற வருஷம் இதுதான், அத்திம்பேர். ஆறே வருஷம்தான் ஆச்சு. உங்க கல்யாணத்துக்கு அப்புறம் பொறந்த தட்டு!"

ரேழியே சிரித்தது. மாமனாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

பிரின்சிபால் மட்டும் சிரிக்கவில்லை. "கைவேலை சுத்தம்தான். பழைய பாணியெல்லாம் அங்கே இப்போ திரும்பப் போடறா. அது தெரியாத மனுஷரை மியூசியத்தில உட்கார வெச்சா, என் மூக்குப்பொடி டப்பாவைப் பல்லவர் காலம்னு கண்ணாடிப் பெட்டியில வெச்சுடுவார்."

மறுபடி சிரிப்பு. வேலை அத்தோடு முடிந்தது.

தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு படி இறங்கினேன். மனைவி வாசல்வரை வந்தாள்.

"தட்டு அழகாத்தான் இருக்கு. எனக்குன்னு வாங்கிண்டு வந்திருந்தேள்னா, வேலை இல்லேன்னாலும் உங்க பின்னாடி வந்திருப்பேன். எடுத்துண்டு போங்கோ. நான் வரலே."