வெள்ளைப் பூவுக்கு எந்த ஊர்

அபிராமத்து உமாமகேஸ்வரி சந்தையில் முண்டு மிளகாய் விற்க உட்கார்ந்தால், எதிரில் நிற்கும் வியாபாரிக்கு வேர்த்துவிடும். பேசியே ஆளைக் கிறங்கடித்து, தான் நினைத்த விலையை வாங்காமல் எழுந்திருக்க மாட்டாள். அப்பேர்ப்பட்டவள் பேரம் பேசாத ஒரே இடம் ஊர் மாரியம்மன் கோயில். எந்தக் காரியமானாலும் அங்கே பூக்கட்டிப் பார்ப்பாள். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம். எந்த நிறத்துக்கு எது என்று மனசுக்குள் நேர்ந்துகொண்டு, பூசாரி மூக்கையாவை ஒன்றை எடுக்கச் சொல்வாள். வந்த பூ சொல்வதுதான் முடிவு.

மாரிச்செல்வத்தைக் கட்டிக்கொண்டதும் பூக் கேட்டுத்தான். அதில் மட்டும் பூசாரியின் கை கொஞ்சம் தடுமாறியிருக்குமோ என்று அவளுக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் மறு பூ கேட்டதில்லை. வீட்டுக்கு போர் போட்டதும் பூ காட்டிய மூலையில்தான். வாயில் வைக்க முடியாத உவர்த் தண்ணீர் வந்தது. "வேற மூலையில போட்டுப் பாப்பமே" என்ற புருஷனிடம், "ஆத்தா குடுத்தது அது. பேசாமப் பாத்திரம் கழுவுங்க" என்று சொல்லிவிட்டாள். இன்றுவரை கழுவுகிறவர் அவர்தான்.

இப்படியிருக்க, மகள் சத்யப்பிரியாவுக்கு எம்.பி.ஏ. படிக்க இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. ஒன்று மதுரையில், இன்னொன்று சென்னையில். மதுரை என்றால் சனிக்கிழமையானால் பஸ் ஏறி வந்துவிடுவாள். சென்னை என்றால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் முகம் பார்க்கலாம். சத்யப்பிரியாவுக்கோ சென்னைமீதுதான் ஆசை. ஏற்றுமதி வியாபாரத்துக்கென்று தனிப் பாடம் அங்கேதான் இருந்தது.

"அம்புட்டுப் பெரிய எடமாம்ல. உள்ளுக்குள்ளயே பஸ் ஓடுதாம். தொலைஞ்சு போனா யாரு தேடுறது?" என்றாள் உமாமகேஸ்வரி.

"மதுரையும் பெரிய எடந்தான்மா. அங்கனயும் தொலையலாம்."

"மதுரையில தொலைஞ்சா நான் வந்து தேடிருவேன்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பூக்கட்டிப் பாரும்மா. எது வந்தாலும் போறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று பேரும் கோயிலுக்குப் போனார்கள். செருப்பைக் கழற்றும்போது உமாமகேஸ்வரி புருஷன் காதில், "வெள்ளைன்னா மதுரை" என்று கிசுகிசுத்தாள். பிறகு கண்ணை மூடி நின்றாள். அதுவரை 'நீ சொல்லு ஆத்தா' என்றுதான் கும்பிட்டிருக்கிறாள். அன்றைக்கு 'வெள்ளையக் குடு, வெள்ளையக் குடு' என்று நச்சரித்தாள். விலை பேசிப் பழகிய வாயல்லவா, சும்மா இருக்குமா?

மூக்கையா ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

உமாமகேஸ்வரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சொல்வதற்காகத் திரும்பினாள். சத்யப்பிரியா கூப்பிய கையோடு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளைன்னா எதும்மா?"

மதுரை என்று சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டாள். அதற்குத் தயாராக முகத்தில் ஒரு சிரிப்பை முன்கூட்டியே வைத்திருந்தாள். அந்தச் சிரிப்பைத்தான் உமாமகேஸ்வரியால் தாங்க முடியவில்லை.

"சென்னை" என்றாள்.

மாரிச்செல்வம் வாயைத் திறந்தார். அவள் அவர் காலை மிதித்த மிதியில் அது தானாக மூடிக்கொண்டது. மகள் அம்மாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பெட்டி வாங்க வேண்டும், துணி எடுக்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் பேசிவிட்டு, தோழிக்கு போன் போட வெளியே ஓடினாள்.

மாரிச்செல்வம் மிதிபட்ட காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "ஏய், ஆத்தா வாக்கையே மாத்திச் சொல்லிட்டியே. நீ மதுரையத்தான கேட்ட?"

"கேட்டேன். ஆத்தாவும் இல்லேங்காமக் குடுத்துட்டா." உமாமகேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வந்தது. "எனக்குக் குடுத்தத நான் எம் மகளுக்குக் குடுத்துட்டேன். கோவம்னா எம்மேல வச்சுக்கிடட்டும். புள்ளைய மட்டும் அங்கன பத்திரமாப் பாத்துக்கிட்டாப் போதும்."